சூரியகாந்திக் கொண்டையின் நடுவில் பொக்கு: இது நோய்தானா?

நீங்கள் கேட்டது நாலு கேள்வி போலத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது ஒன்றுதான். தாராபுரம் பக்கம் ஒன்றரை ஏக்கரில், கிணற்றுப் பாசனத்தில், மார்கழியில் வீரிய ஒட்டுச் சூரியகாந்தி போட்டிருக்கிறீர்கள். பூ தாம்பாளம் மாதிரி வந்தது. இப்போது கொண்டையைப் பிய்த்துப் பார்த்தால் ஓரத்தில் மணி பிடித்திருக்கிறது, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பொக்கு, அதாவது பருப்பில்லாத வெறும் தோல். அடியிலைகளில் பழுப்புப் புள்ளி. இருபது முப்பது செடி கழுத்தை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. பூத்திருந்த சமயத்தில் கடைக்காரர் கொடுத்த பூச்சிமருந்தையும் டானிக்கையும் கலந்து இரண்டு தடவை அடித்திருக்கிறீர்கள். 'இது என்ன நோய், எந்த மருந்து, அடுத்த தடவை எந்த ரகம், விளைந்ததைச் செக்கில் ஆட்டி வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாமா' என்பது கேள்வி. இதில் முதலாவது 'மணி ஏன் பிடிக்கவில்லை' என்று இருந்திருக்க வேண்டும். அதற்குக் காரணம் பெரும்பாலும் நோய் இல்லை. நீங்கள் அடித்த மருந்தின் மேலேயே எனக்குச் சந்தேகம்.

வேளாண் விரிவாக்கப் பணியில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் எண்ணெய்வித்துப் பயிர்களோடு போனது. ஆனாலும் மூன்று போட்டோவை வைத்து ஒரு வயலுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எது உறுதி, எது என் ஊகம், எதை நீங்களே வயலில் போய்ப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் பூவைப் பற்றி. நாம் ஒரு பூ என்று சொல்வது ஒரு பூவே அல்ல. ஓரத்து மஞ்சள் இதழ்கள் ஒவ்வொன்றும் தனிப் பூ, ஆனால் மலட்டுப் பூ. வண்டு தேனீயைக் கூப்பிடுவதுதான் அதன் வேலை. நடுத்தட்டில் நெருக்கமாக அடுக்கியிருக்கும் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள்தான் மணியாகின்றன. அவை ஒரே நாளில் மலர்வதில்லை. வெளி வட்டத்தில் ஆரம்பித்து, தினம் இரண்டு மூன்று வரிசையாக, ஒரு வாரம் பத்து நாளில் நடுவுக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு குட்டிப் பூவிலும் மகரந்தம் முதலில் வெளியே வரும், மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி அதற்குப் பிறகுதான் விரியும். தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்வதும் இந்தப் பயிரில் குறைவு. இப்போதைய ஒட்டு ரகங்கள் அதில் கொஞ்சம் தேறியவை என்றாலும், தேனீ வந்தால் வருகிற விளைச்சல் வேறு, வராவிட்டால் வருகிற விளைச்சல் வேறு.

இந்தக் கணக்கை உங்கள் கொண்டையில் பொருத்திப் பாருங்கள். ஓரத்து வட்டம் மணி பிடித்திருக்கிறது என்றால் பூக்க ஆரம்பித்த முதல் சில நாள் எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. உள் வட்டங்கள் மலர்ந்த நாட்களில் எதுவோ கெட்டிருக்கிறது. கொண்டை ஒரு நாட்குறிப்பு மாதிரி, வெளியிலிருந்து உள்ளே படித்துக்கொண்டு வரலாம். நீங்கள் முதல் தடவை மருந்தடித்த தேதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பூ விரிந்து நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அதுவும் காலை எட்டு மணிக்கு மேல் அடித்திருந்தால், தேனீக்கள் வேலை செய்கிற நேரத்தில் அடித்திருக்கிறீர்கள். செத்தது போக மிச்சமிருப்பதும் அந்த வாடைக்கு வயல் பக்கம் திரும்பாது. இதை என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். பக்கத்துத் தோட்டத்தில் அதே சமயம் பூத்து, மருந்து அடிக்காத சூரியகாந்தி இருந்தால் நாலு கொண்டையைப் பிய்த்துப் பாருங்கள். அங்கே நடு நிறைந்திருந்தால் கேள்வி முடிந்தது.

இன்னொன்று: நட்டநடுவில் இரண்டு மூன்று விரல் அகலத்துக்குப் பொக்காக இருப்பது எந்த வயலிலும் உண்டு. கடைசியாக மலரும் பூக்களுக்குச் சத்தும் தண்ணீரும் போய்ச் சேர்வதற்குள் ஓரத்து மணிகள் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உள்ளங்கை அகலம் என்பது அதைத் தாண்டிய சமாச்சாரம்.

தேனீயை விட்டால் அடுத்த காரணங்கள் தண்ணீரும் போரான் என்ற நுண்ணூட்டமும். மொட்டு கட்டுவதிலிருந்து மணி பால் பிடிக்கும் வரை சூரியகாந்தி வாடக் கூடாது. மார்கழி விதைப்பு மாசியில் பூக்கும். அப்போது வெயில் ஏறியிருக்கும், கிணறு இறங்கியிருக்கும். ஒரு தண்ணீர் தள்ளிப்போனால்கூடக் கொண்டையில் தெரியும். போரான் குறைந்தால் மகரந்தம் முளைக்காது, கழுத்துக்குக் கீழே தண்டு குறுக்கே வெடித்துப் பழுப்பாகத் தக்கை மாதிரி இருக்கும், சில கொண்டைகள் தானாக ஒடிந்து தொங்கும். இதற்கு வேளாண் பல்கலைக்கழகம் பல வருஷமாகச் சொல்வது எளிமையான வைத்தியம்: லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ், அதாவது வெண்காரம், முதலில் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, ஓரத்து மஞ்சள் இதழ் விரியும் தருணத்தில் கொண்டை நனையும்படி தெளிப்பது. உங்கள் வயலுக்கு இனிமேல் அது பயன்படாது. மணி பிடிக்கும் வேளை போய்விட்டது, இப்போது எந்த டானிக் அடித்தாலும் பொக்கு நிறையப் போவதில்லை. தயவுசெய்து மூன்றாவது தடவை அடிக்காதீர்கள்.

அடியிலைப் புள்ளிக்கு வருகிறேன். உங்கள் படத்தில் இருப்பது ஆல்டர்னேரியா இலைப்புள்ளி என்றே தோன்றுகிறது. இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கரும்பழுப்பு வட்டம், சுற்றி மஞ்சள் வளையம், வட்டத்துக்குள்ளே வட்டமாக மரத்தை அறுத்த மாதிரி கோடுகள் தெரிந்தால் அதுதான். மழையும் ஈரமும் இருக்கும் ஆடி, புரட்டாசிப் பயிரில் இது பொல்லாத நோய். மொட்டுப் பருவத்தில் கீழிருந்து மேலே ஏறினால் இலையெல்லாம் கருகி விளைச்சல் விழுந்துவிடும். அப்போது லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப் என்ற பூஞ்சைமருந்து தெளிக்கலாம், பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. ஆனால் பங்குனி வெயிலில், மணி முற்றும் பருவத்தில், அடியில் நாலைந்து இலையில் மட்டும் இருப்பதற்குச் செலவு செய்வது வீண். அந்த இலைகள் எப்படியும் காயப் போகிறவை.

கழுத்து முறுக்கிய செடிகள்தான் எனக்கு உறுத்துகிறது. போரான் குறைவிலும் கொண்டை கோணும், இலையையும் தண்டையும் கருக்கும் நெக்ரோசிஸ் வைரஸிலும் கோணும், படத்தில் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும். இலையின் ஒரு பாதி மட்டும் நடுநரம்பை ஒட்டிக் கருகி, இலை ஒரு பக்கமாகத் திருகியிருக்கிறதா? அந்தக் கருகல் இலைக்காம்பு வழியாகத் தண்டுக்கு இறங்கிக் கறுப்புக் கோடாகத் தெரிகிறதா? தெரிந்தால் வைரஸ். கறுப்புக் கோடே இல்லாமல் கழுத்தில் வெடிப்பு மட்டும் இருந்தால் போரான்.

இந்த நெக்ரோசிஸ் 1997-ல் கர்நாடகாவில் பாகேபள்ளி பக்கம் முதலில் தெரிந்தது. அடுத்த ரெண்டு மூணு வருஷத்தில் ஆந்திரா, மகாராஷ்டிரா, தமிழ்நாடு என்று பரவிவிட்டது. புகையிலைக் கீற்று வைரஸ் என்கிற கிருமிதான் காரணம். அது பரவும் விதம் விசித்திரமானது. வரப்பிலும் தரிசிலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியக் களைக்குள் இந்த வைரஸ் இருக்கும், ஆனால் அந்தச் செடியில் ஒரு அறிகுறியும் தெரியாது. அதன் மகரந்தத்தில் வைரஸ் ஒட்டியிருக்கும். மகரந்தம் காற்றிலும் இலைப்பேன் என்ற சின்னப் பூச்சியின் உடம்பிலும் வந்து சூரியகாந்தி இலையில் விழும். இலைப்பேன் அந்த இலையைச் சுரண்டும்போது உண்டாகிற காயத்தின் வழியாக வைரஸ் உள்ளே போய்விடும். அதனால்தான் வந்த பிறகு மருந்தடிப்பதில் பிரயோஜனம் இல்லை. விதைப்பதற்கு முன்னாலேயே, பார்த்தீனியம் பூப்பதற்கு முன்னாலேயே, சுற்றிலும் பிடுங்கிவிட வேண்டும். வயலைச் சுற்றி மூன்று நாலு வரிசை சோளம் நெருக்கமாக விதைத்தால் அது வேலி மாதிரி மகரந்தத்தையும் பேனையும் தடுக்கும். விதைக்கு இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தால் நேர்த்தி செய்தால் முதல் மாதம் பேன் கட்டுப்படும். பல கம்பெனி விதை நேர்த்தி செய்தே வருகிறது, பையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நெக்ரோசிஸ் அறவே வராத ரகம் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். உங்கள் வயலில் இருபது முப்பது செடி என்பது பெரிய நஷ்டம் இல்லை. அடுத்த விதைப்புக்கு எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் பார்த்துவிடச் சொல்வேன். முற்றுவதற்கு முன்பே திட்டுத்திட்டாகச் சில செடிகள் காய்ந்து நிற்கின்றனவா? கிணறு இறங்கும் காலத்துப் பயிரில் கரியழுகல் சகஜம். அப்படி ஒரு செடியைப் பிடுங்கி, வேருக்கு மேலே ஒரு சாண் தண்டைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். நல்ல தண்டில் வெள்ளைச் சோறு நிறைந்திருக்கும். கரியழுகல் தண்டில் சோறு சுருங்கி, தட்டுத் தட்டாகப் பிரிந்து, நாரின் மேல் பென்சில் கரியைச் சீவித் தூவின மாதிரி கறுப்புப் பொடி தெரியும். அந்தப் பொடி ஒவ்வொன்றும் பூஞ்சையின் வித்து, வருஷக் கணக்கில் மண்ணில் கிடக்கும். வந்த செடிக்கு மருந்து கிடையாது. அடுத்த விதைப்பில் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலப்பது, மட்கிய தொழுவுரத்தோடு அதே டிரைக்கோடெர்மாவைச் சேர்த்துப் போடுவது, பூக்கும் காலத்தில் தண்ணீர் தவறாமல் பார்ப்பது, இவ்வளவுதான் கையில் இருக்கிறது. பருத்தி, எள், சோளம், மக்காச்சோளம் என்று பல பயிரையும் இதே பூஞ்சை தாக்கும் என்பதால் பயிர்மாற்றம் மட்டும் இதற்குப் போதாது.

மற்ற நோய்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இலை மேலே திருநீறு பூசின மாதிரி இருந்தால் சாம்பல் நோய். பனிக்காலத்தில் வரும், நனையும் கந்தகத்துக்குக் கேட்கும். இலைக்கு அடியில் வெள்ளைப் பூசணம், மேலே நரம்பை ஒட்டி வெளிறல், செடி குட்டை, கொண்டை கவிழாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது, மணியெல்லாம் பொக்கு என்றால் அது அடிச்சாம்பல் நோய். 1980-களின் நடுவில் மகாராஷ்டிராவில் லாத்தூர் பக்கம் நம் நாட்டுக்குள் தலைகாட்டியது. மெட்டாலக்சில் என்ற பூஞ்சைமருந்து விதைநேர்த்தியும் எதிர்ப்புத் திறனுள்ள ஒட்டு ரகங்களும் வந்த பிறகு ஓரளவு அடங்கியது. துரு நோயில் இலையைத் தடவினால் விரலில் செம்பொடி ஒட்டும். மணி முற்றும்போது மழை பிடித்தால் கொண்டையின் பின்பக்கம் நீர் கோத்து அழுகும். கிளி கொத்தின இடமும் காய்ப்புழு துளைத்த இடமும்தான் அதற்கு வாசல்.

கிளி என்றதும் ஒரு வார்த்தை. நோயை விட, புழுவை விட, இந்தப் பயிரைக் கைவிட்ட விவசாயிகள் என்னிடம் அதிகம் சொன்ன காரணம் பச்சைக்கிளி. காலையில் ஒரு படை, சாயங்காலம் ஒரு படை. ஊரில் நீங்கள் ஒருவர் மட்டும் ஒன்றரை ஏக்கர் போட்டால் ஊர்க்கிளி மொத்தத்துக்கும் நீங்கள்தான் பந்தி வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் நாலு பேர் ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் பங்காகிவிடும். மினுமினுப்பு ரிப்பன் நாலைந்து நாள் வேலை செய்யும், அப்புறம் அதன் மேலேயே உட்காரும்.

ரகத்துக்கு வருவோம். சூரியகாந்திக்குச் சொந்த ஊர் வட அமெரிக்கா. ஸ்பெயின்காரர்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்து, எண்ணெய்ப் பயிராக உருவெடுத்தது ரஷ்யாவில். நம் நாட்டில் எண்ணெய்க்காகப் பயிர் செய்யத் தொடங்கியது 1969-ல், சோவியத் நாட்டிலிருந்து வந்த பெரெடோவிக் முதலான ரகங்களோடு. கனடாவிலிருந்து மோர்டன் வந்தது. இடுப்பளவு குட்டை, 75 முதல் 80 நாளில் அறுப்பு. 1980-ல் பெங்களூரிலிருந்து பி.எஸ்.எச்.1 என்ற முதல் இந்திய ஒட்டு ரகம் வந்த பிறகு பரப்பு மளமளவென்று ஏறி, 1990-களின் முற்பகுதியில் நாடு முழுக்க 26 லட்சம் எக்டரைத் தொட்டது. பிறகு நெக்ரோசிஸ், கிளி, மலிவான இறக்குமதி எண்ணெய் எல்லாம் சேர்ந்து இறக்கிவிட்டன. இன்று அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் மளிகைக்கடையில் எண்ணெய் விலை எகிறியதே, அந்த இறக்குமதிச் சார்பின் பலன்தான் அது.

உங்களுக்கு ரகம் தேர்ந்தெடுப்பதில் நான் பார்ப்பது நாள்கணக்கைத்தான். கிணறு மாசிக்குள் இறங்கும் என்றால் 95, 100 நாள் ஒட்டு ரகம் வேண்டாம், 85 முதல் 90 நாளில் முடியும் கோ 2 வீரிய ஒட்டு போன்றதைப் பாருங்கள். மானாவாரிக் கரிசலாக இருந்தால் நான் மோர்டனைக்கூட ஒதுக்க மாட்டேன். தண்ணீர் உறுதியாக இருந்தால் பெங்களூரின் கே.பி.எஸ்.எச். ஒட்டு வரிசையோ நல்ல கம்பெனி ஒட்டு ரகமோ போடலாம். எதுவானாலும் ஒட்டு ரகத்தில் விளைந்ததை மறுபடி விதையாக்காதீர்கள், உயரம் ஒரு பக்கம் பூ ஒரு பக்கம் என்று சிதறிப் போகும். இரண்டடிக்கு ஒரு பார், செடிக்குச் செடி ஒரு அடி. நெருக்கி நட்டால் கொண்டை சிறுக்கும், இலைப்புள்ளி பெருகும். அதே நிலத்தில் அடுத்த வருஷமே சூரியகாந்தி போடாமல் இரண்டு மூன்று வருஷம் இடைவெளி விடுங்கள். அலங்காரத்துக்கென்று விற்கும் அடுக்கிதழ் வகைகளும் மகரந்தம் உதிராத கொய்மலர் வகைகளும் மாடித்தோட்டத்துக்குத்தான், அவற்றில் எண்ணெய் எதிர்பார்க்க வேண்டாம். கொடைக்கானல் சாலையோரத்தில் ஐப்பசி கார்த்திகையில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்குகிறதே, அது சூரியகாந்தியே அல்ல, மெக்சிகோவிலிருந்து வந்த ஒன்றுவிட்ட சொந்தம்.

அடுத்த தடவை பூக்கும் நாட்களில் செய்ய வேண்டியது இது. ஏக்கருக்கு இரண்டு தேனீப் பெட்டி வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள், ஒருநாள் விட்டு ஒருநாள், கையில் மெல்லிய துணி சுற்றிக்கொண்டு ஒவ்வொரு கொண்டையாக லேசாகத் தடவிக்கொண்டே போங்கள். பக்கத்துப் பக்கத்துச் செடிகளின் கொண்டைகளை முகத்தோடு முகம் லேசாக உரசிவிட்டாலும் போதும். பூத்த கொண்டைகள் எல்லாம் கிழக்கே பார்த்து நிற்கும், அதனால் கிழக்கு முனையிலிருந்து மேற்கே நடந்தால் எல்லா முகமும் உங்கள் பக்கம். மொட்டாக இருக்கும்போதுதான் சூரியனோடு திரும்பும், பூத்த பிறகு திரும்பாது. கிழக்கே பார்க்கும் பூ காலையில் சீக்கிரம் சூடேறுவதால் தேனீக்கள் அதிகம் வருகின்றன என்று 2016-ல் கலிபோர்னியாவில் செய்த ஆராய்ச்சியில் காட்டினார்கள். புழுவுக்குக் கட்டாயம் மருந்தடிக்க வேண்டி வந்தால் பொழுது சாய்ந்த பிறகு, அதுவும் வேப்பெண்ணெய், புழுவை மட்டும் கொல்லும் என்.பி.வி. வைரஸ் கரைசல் போன்றவையாகப் பார்த்து அடியுங்கள்.

கடைசியாக எண்ணெய். தாராளமாக ஆட்டலாம். கறுப்பு மணியில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு எண்ணெய் இருக்கும், செக்கில் அவ்வளவும் இறங்காது. பொக்கைப் புடைத்துத் தள்ளிவிட்டு ஆட்டுங்கள், இல்லையென்றால் பொக்குத் தோல் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு புண்ணாக்கோடு போய்விடும். செக்கெண்ணெய் கடை எண்ணெய் மாதிரி கண்ணாடியாக இருக்காது. மணித்தோலில் இருக்கும் மெழுகு கலந்து, குளிர்ந்தால் மங்கும். ஆலையில் அந்த மெழுகைக் குளிரவைத்து எடுத்துவிடுகிறார்கள். மங்கினால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, காறல் வாடை வந்தால்தான் கெட்டது. லினோலிக் அமிலம் அதிகம் என்பதால் நல்லெண்ணெயைப் போல மாதக்கணக்கில் தாங்காது. வெளிச்சம் படாமல் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஆகிற அளவு மட்டும் ஆட்டிக்கொண்டு மீதியை மணியாகவே வையுங்கள். 'கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்' என்று பாக்கெட்டில் போடுகிறார்களே, செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் அது கிடையாது. புண்ணாக்கு மாட்டுக்கு நல்லது. தோலோடு ஆட்டினதில் நார் அதிகம், கோழிக்கு நிறையப் போட வேண்டாம். விதைக்கென்று வாங்கிய பாக்கெட்டில் மிச்சமிருக்கும் சாயம் பூசிய மணி மட்டும் இதில் கலந்துவிடக் கூடாது, அது நஞ்சு.

இப்போதைக்குக் கொண்டையின் பின்பக்கம் எலுமிச்சை மஞ்சளாகும் வரை பொறுத்து அறுங்கள். அறுத்ததைக் குவித்துப் போடாமல் களத்தில் பரப்பிக் காயவிடுங்கள். குவித்தால் ஒரே ராத்திரியில் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். தட்டி எடுத்த மணியைக் கடித்தால் நச்சென்று உடைய வேண்டும், ஈரப்பதம் 9, 10 சதவீதத்துக்கு இறங்கின பிறகுதான் மூட்டை கட்டலாம். அறுக்கும்போது கழுத்து முறுக்கின செடியில் ஐந்தும் காய்ந்த செடியில் ஐந்தும் தண்டைப் பிளந்து படம் எடுத்துப் போடுங்கள், மருந்தடித்த இரண்டு தேதியும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே சொன்னதில் எது தப்பு என்று திருத்திக்கொள்கிறேன்.